அக்கரைக்குப் போன இலுப்பைப்பூ

காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. அதன் கிழக்குக் கரையில் ஒரு கரடிக்குச் சொந்தமாக இலுப்பைத் தோப்பு இருந்தது. வருடத்தில் பத்தே நாள்தான் பூ கொட்டும். அதற்குள் பொறுக்கி, களத்தில் உலர்த்தி, குகையில் சேர்த்துவிட வேண்டும். மழைக்காலம் முழுக்கக் கரடிக்கு அதுதான் சாப்பாடு.

பூப் பொறுக்க முப்பது அணில்கள் வந்தன. மேஸ்திரி ஒரு காகம். அணிலுக்கு நாள் கூலி மூன்று வேர்க்கடலை.

பூ கொட்டத் தொடங்கிய அன்றே மைனா வந்து கத்தியது. “சிங்கராஜா உத்தரவு! கிழக்குக் கரையில கடலை கிடைக்கிறது கஷ்டமா இருக்கு. இனிமே இங்க நாள் கூலி நாலு கடலை! மேற்குக் கரையில மூணே போதும்!”

பக்கத்துத் தோப்பு மந்தி முணுமுணுத்தது. ஆனாலும் நான்கு கொடுத்தது.

கரடியோ மார்பில் அடித்துக்கொண்டது. “ஒரு கடலை கூடவா! ஐயோ, என் தொழில் அழிஞ்சுது!”

“ஒத்தைக் கடலைதானே முதலாளி! குடுத்துட்டு வேலையைப் பாப்போம்!” என்றது காகம்.

“முடியாது! களத்தை அக்கரைக்கு மாத்து! அங்க வேலை, அங்கத்துக் கூலி!”

“மரம் இங்கதானே முதலாளி இருக்கு?”

“மரத்தைப் பத்தி நீ பேசாதே!”

“எங்க பிள்ளைங்களுக்குப் பசிக்கிறது இந்தக் கரையில. கூலி மட்டும் அந்தக் கரையிலயா?” என்று அணில்கள் கேட்டன. கரடி காதில் வாங்கினால்தானே!

அக்கரையில் முள் வெட்டிக் களம் அமைக்கவே இரண்டு நாள் போயிற்று. அணில்களுக்கு நீந்தத் தெரியாது. பூக்கூடையோடு ஆமைகள் முதுகில் ஏறித்தான் போக வேண்டும். ஆமைகள் சும்மா சுமக்குமா? ஓர் அணிலுக்குப் போக ஒரு கடலை, வர ஒரு கடலை என்று கரடியிடம் கறாராக வாங்கின. பாதி நாள் ஆற்றிலேயே கழிந்தது.

காகம் தலையில் அடித்துக்கொண்டது. “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! நாலு குடுக்க மாட்டேன்னு அஞ்சு குடுக்கிறீங்களே முதலாளி!”

“இருக்கட்டும்! கூலி மூணுதானே!” என்று கரடி பெருமையாகச் சொன்னது. இதை என்னவென்று சொல்வது!

ஆறாம் நாள் மைனா மறுபடி வந்தது. “முப்பது அணில் புதுசா வந்து தின்னதுல மேற்குக் கரையிலயும் கடலைத் தட்டுப்பாடு! இங்கயும் இனிமே நாலு!”

கரடி துள்ளிக் குதித்தது. “கட்டுடா மூட்டையை! மூணாவது கரைக்குப் போவோம்!”

“ஆத்துக்கு ரெண்டு கரைதான் முதலாளி!” காகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

அணில்கள் கூடைகளைக் கீழே வைத்தன. “போதும் சாமி! நாங்க மந்தி தோப்புக்கே போறோம்!” என்று ஆமைகள் மேல் ஏறின. காகமும் பின்னாலேயே பறந்தது.

கரடி தனியாகக் கிழக்குக் கரைக்குத் திரும்பியது. தோப்பெங்கும் பூ முழங்கால் அளவு கிடந்தது. குனிந்து குனிந்து ஒரு கூடை பொறுக்குவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. எட்டாம் நாள் கோடை மழை கொட்டியது. தோப்பில் கிடந்த பூவும் அக்கரைக் களத்தில் காய்ந்த பூவும் எல்லாமே அழுகி நாறின.

மழைக்காலம் வந்தது. குகையில் ஒரு பூவும் இல்லை. பசி தாங்காமல் கரடி மந்தி வீட்டு வாசலில் போய் நின்றது.

“ஏதாவது வேலை குடுங்க ஐயா!”

“இலுப்பைக்கொட்டை மூட்டை சுமக்கணும். நாள் கூலி நாலு கடலை. சரியா?” என்றது மந்தி.

கரடி வாயைப் பிளந்தது. “வெறும் நாலா? நாலு கடலையில எப்படிய்யா ஒரு ஜீவன் பிழைக்கிறது!”

உள்ளே கூலி வாங்க வரிசையாக நின்றிருந்த முப்பது அணில்களும் திரும்பிப் பார்த்தன.

நியாயமான கூலியைக் கொடுக்க மனமில்லாமல் மலிவான இடம் தேடி ஓடுகிற முதலாளி, அந்தக் கூலியையும் கொடுத்து, தொழிலையும் தொலைப்பான்.