கேஸ் எங்கே போனது?

போடியில் இலவங்காய் வெடிக்கிற மாசம். தெருவெல்லாம் பஞ்சு, கனவில் பெய்கிற பனி மாதிரி மிதந்துகொண்டிருந்தது. பனி பிடிக்க வேண்டிய ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசரில்தான் பனியே இல்லை. ஆளுயரப் பெட்டிக்குள் அத்தனையும் பாயசமாய் இளகிக் கிடந்தது.

மெக்கானிக் தனுஷ்கோடி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார். "கேஸ் மொத்தமும் போச்சு முதலாளி. இந்தம்மா கதவைத் திறந்து போட்டுக் கூட்டினா இருக்குமா?"

முதலாளி, கடை கூட்டுகிற வேலுத்தாயிடம் திரும்பினார். "நாளையிலிருந்து வராதே."

வேலுத்தாய் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. காலையில் பெட்டிக்குப் பின்னால் கூட்டும்போது குழாய் பட்டு விரலில் கண்ட கொப்புளம் இன்னும் எரிந்தது.

"ஒரு சொட்டு கேஸ்கூட இல்லீங்களா சார்?"

"இல்லைங்கிறேன்ல!"

"கேஸ் இல்லாட்டி மிஷினு சும்மா சுத்தும். குழாய் சுடாதுல்ல?"

"பச்சைத் தண்ணியா இருக்கும்."

"அப்ப அந்தக் குழாயைக் கொஞ்சம் பிடிங்க சார்."

பிடித்தவர் "ஆத்தாடி!" என்று துள்ளி விரலை வாயில் வைத்தார்.

வேலுத்தாய் சுவிட்சை அணைத்து அடித்தட்டைக் கழற்றினாள். சூடு வெளியேறுகிற கம்பிவலையில் தலையணை கனத்துக்குப் பஞ்சு அடைத்திருந்தது. துடைப்பத்தால் தட்டினாள், கடையே மேகமாயிற்று. மறுபடி சுவிட்சைப் போட்டதும் மிஷின் நீளமாய் மூச்சுவிட்டது. பொழுது சாய்வதற்குள் பெட்டிக்குள் வெள்ளை பூத்தது.

"நாளைக்கு வரட்டுமாய்யா?"

"வெள்ளனவே வந்துரு தாயி," என்றார் முதலாளி.

தனுஷ்கோடியின் மீசையில் மட்டும் பஞ்சுப் பனி இன்னும் பெய்துகொண்டிருந்தது.