இருபதுக்கு இருபது நீலப் படகு

அறவாழியின் அறிக்கை நான்காவது முறையாகத் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் வழக்கம்போல ஒரே ஒரு சொல்: ‘மறுபடி’.

அவருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நாற்பத்தாறு வயது. இருபது வருஷம் சென்னையில் மென்பொருள் எழுதியவர். படங்களையும் வீடியோக்களையும் தேடித் தரும் இயந்திரங்களை எப்படி எடைபோடுவது என்று கற்றுக்கொள்ளத்தான் குளச்சல் பக்கமிருந்த அந்த மீனவர் சங்க அலுவலகத்துக்கு வந்து, பெர்பெத்துவாவிடம் சேர்ந்திருந்தார். பெர்பெத்துவா அவரைவிட எட்டு வயது இளையவர். அந்த வேலையில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்று பெயர்.

சங்கத்தில் அப்படியொரு இயந்திரம் இருந்தது. மேற்குக் கரையின் ஏழு துறைமுகங்களில் கேமராக்கள் பிடிக்கும் காட்சிகள் அதில் வந்து சேரும். புயலில் திசை மாறி எங்கோ ஒதுங்கும் படகுகளைத் தேடுவதற்கான ஏற்பாடு. அது ஒழுங்காகத் தேடுகிறதா என்று சொல்வதுதான் அறவாழிக்குக் கொடுத்த வேலை.

அறிக்கையோடு நேரே பெர்பெத்துவாவின் மேசைக்குப் போனார்.

“டீச்சர், இதில் என்ன தப்பு?”

“தப்பு ஒன்றும் இல்லை.”

“முந்நூறு தேடல் போட்டுப் பார்த்துவிட்டேன். நீலப் படகு என்று கேட்டால் முதல் இருபதும் நீலப் படகு. வலை காயப்போட்ட படகு என்றால் வலை காய்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இன்னும் என்னதான் வேண்டும் உங்களுக்கு?”

“அந்த முந்நூறையும் யார் கேட்டது?”

“நான்தான். இதில் இருக்கிற காட்சிகளைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.”

பெர்பெத்துவா தலையாட்டினார்.

“மறுபடி.”

அந்த வாரமே புயல் அடித்தது. பதினோரு படகுகள் திரும்பவில்லை. ஆறாம் நாள் காலையில் குடும்பங்கள் சங்கத்துக்கு வரத் தொடங்கின. பெர்பெத்துவா இயந்திரத்தின் முன்னாலிருந்த நாற்காலியைக் காட்டி, “இன்றைக்கு நீங்கள் உட்காருங்கள்” என்றார்.

முதலில் வந்தவர் வியாகுலம். கணவரும் கொழுந்தனும் ஒரே படகில் போயிருந்தார்கள். மழைக் காட்சிகளில் பதிவு எண் தெரியாது என்பதால் அறவாழி அடையாளம் கேட்டார்.

“நீலப் படகு சாரே. மேல மஞ்சக் கோடு.”

தட்டினார். இருபது படகுகள் வந்து நின்றன.

“இதா அம்மா?”

“இல்ல.”

“இது?”

“இது பெருசு.”

“இது?”

“நீலந்தான். எங்களுக்க படகு இல்ல.”

அடுத்த பக்கம். இன்னும் இருபது. அதற்கடுத்தும் இருபது. கீழே போகப் போக மஞ்சள் கோடு காணாமல் போயிற்று. பச்சைப் படகு வந்தது. நீலத் தார்ப்பாய் வந்தது. ஏதோ ஒரு வீட்டு மாடியின் நீலத் தண்ணீர்த் தொட்டிகூட வந்தது. இயந்திரம் சளைக்கவில்லை. வியாகுலமும் சளைக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் குனிந்தார், பார்த்தார், பின்னால் சாய்ந்தார். கொண்டுவந்து வைத்த தேநீர் ஆடை படிந்து கிடந்தது.

மதியம் அறவாழிக்குக் கண் எரிந்தது. “போதும் அம்மா. ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து...”

“அடுத்ததுல இருந்தா?”

அவர் அடுத்த பக்கத்தைத் திறந்தார்.

மூன்றரை மணி வாக்கில் வியாகுலத்தின் போன் அடித்தது. கணவர்தான். இஞ்சின் பழுதாகி, கோவாவுக்கும் வடக்கே ஏதோ ஒரு சின்னத் துறையில் படகைக் கட்டிப் போட்டிருக்கிறார்களாம். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். வியாகுலம் மாதாவைக் கூப்பிட்டு அழுதபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அழுது ஓய்ந்ததும் அந்தப் பெண் திரையைப் பார்த்தார்.

“அந்த ஊருக் கேமரா இதுல உண்டா சாரே?”

அறவாழி பட்டியலைப் பார்த்தார். “இல்லை அம்மா. அந்தத் துறை இதில் சேரவில்லை.”

வியாகுலத்தின் முகம் சிவந்தது.

“அப்போ இல்லாத படகயா காலத்தேருந்து தேட வச்சீங்க? இல்லேன்னா இல்லேன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே! நான் நாலு ஊருக்குப் போன் போட்டிருப்பேனே! ஒவ்வொரு படத்துக்கும் செத்துச் செத்துல்லா பொழச்சேன்!”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் வெளியேறினார்.

அறவாழி அறிக்கைத் தாளை எடுத்து அன்றைய தேடலுக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு பெர்பெத்துவாவிடம் போய் நின்றார்.

“இயந்திரம் தப்புச் செய்யவில்லை டீச்சர். நீலப் படகு கேட்டோம். முதல் பக்கத்தில் இருபதும் நீலப் படகு. என் முறைப்படி இருபதுக்கு இருபது. எழுதக் கை வரவில்லை. வேறு என்ன போடுவது என்றும் தெரியவில்லை.”

“அந்த அம்மா எத்தனை மணிக்கு வந்தார்?”

“ஒன்பதுக்கு.”

“படகு இதில் இல்லை என்று சொல்லியிருந்தால் எப்போது எழுந்து போயிருப்பார்?”

“ஒன்பது ஐந்துக்கே.”

“எப்போது போனார்?”

“நாலு மணிக்கு.”

பெர்பெத்துவா ஒரு வெற்றுத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

“ஒன்பது ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் இருப்பதை எழுதுங்கள்.”