தண்ணீர் கேட்காத முற்றம்

மருதி என்ற கீரி தன் குட்டிகளை இழுத்துக்கொண்டு செங்கரட்டுக்கு வந்து சேர்ந்தது. அது குடியிருந்த ஏரிக்கரை வளை இடிந்துபோயிருந்தது. கோடையோ தலைக்கு மேல் நின்றது. எப்படியாவது ஒரு வாடகை வளை பிடித்தாக வேண்டும்!

செங்கரடு வறண்ட குன்று. மழை அங்கே விருந்தாளி போல எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். மேற்குச் சரிவில், உடம்பெல்லாம் செதில் போர்த்திய அழுங்கு ஒன்று வளைகளை வாடகைக்கு விட்டிருந்தது. மருதி எட்டிப் பார்த்தது. வாசலில் கூழாங்கற்கள். அங்கங்கே ஆவாரஞ்செடி, சோற்றுக்கற்றாழை, காய்ந்த சருகு.

“சீச்சீ, இதென்ன முற்றமா, பாழ்நிலமா?” என்று முகம் சுளித்துவிட்டு நடையைக் கட்டியது.

கிழக்குச் சரிவுக்கு வந்ததும் அதன் கண்கள் விரிந்தன. கண்ணைப் பறிக்கும் பச்சைப் புல்! நடுநடுவே சிவந்த கல்வாழைப் பூக்கள்! எல்லாம் அங்கே வளைகளை வாடகைக்கு விட்டிருந்த நரி ஒன்று குளத்தங்கரையிலிருந்து பெயர்த்து வந்து வைத்தவை.

“வாருங்கள், கீரியம்மா! இப்படியொரு முற்றத்தை இந்தக் கரட்டில் வேறெங்காவது பார்த்ததுண்டா?” என்று நரி வரவேற்றது.

“அழகோ அழகு! வாடகை என்ன கேட்கிறீர்கள், நரியாரே?”

“வாடகையா? அதெல்லாம் பெயருக்குத்தான். தின்றது போக மீந்த இரையில் கொஞ்சம் கொடுத்தால் போதும். ஒன்று மட்டும்! புல் வாடக் கூடாது. வாடினால் வளையைக் காலி செய்துவிட வேண்டும்!”

‘இவ்வளவுதானே!’ என்று மருதி குடியேறிவிட்டது.

குடியேறிய பிறகுதான் அதற்கு விஷயம் புரிந்தது. ஊற்று குன்றின் அடிவாரத்தில் இருந்தது. மருதி இறங்கிப் போய் உடம்பை நனைத்துக்கொள்ளும். மூச்சு வாங்க மேலேறி வந்து புல்லின் மேல் உதறும். மறுபடி இறங்கும். மறுபடி ஏறும். வேட்டைக்குப் போக நேரமே இல்லை. குட்டிகளின் வயிறு ஒட்டிப்போயிற்று.

ஊற்றும் நாளுக்கு நாள் வற்றியது. ஒரு நாள் மான் ஒன்று மருதியை வழிமறித்தது.

“எங்களுக்கு நாக்கை நனைக்கவே தண்ணீர் இல்லை. நீ புல்லைக் குளிப்பாட்டுகிறாயே, இது நியாயமா?”

மருதி தலையைக் குனிந்துகொண்டது.

தொல்லை அதோடு நிற்கவில்லை. புல்லின் ஈரத்துக்குத் தவளைகள் வந்தன. தவளைகளைத் தேடி நல்லபாம்பு வந்தது. ஒரு மாலை மருதி சொட்டச் சொட்ட நனைந்து ஏறி வந்தபோது, பாம்பு வாசலில் படமெடுத்து நின்றது. குட்டிகள் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன!

மற்ற நாளாக இருந்தால் கீரிக்குப் பாம்பு ஒரு பொருட்டா? அன்றோ மருதி ஏறி இறங்கிக் களைத்துப் போயிருந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்ந்தது. புரண்டது, கடித்தது, மறுபடி பாய்ந்தது. கடைசியில் பாம்பு நழுவி ஓடிற்று.

மருதி நரியிடம் போய் முறையிட்டது.

“கீரிக்கே பாம்புப் பயமா?” என்று நரி சிரித்தது. “அது கிடக்கட்டும். வாசல் ஓரத்துப் புல் பழுத்திருக்கிறதே, ஏன்?”

மருதி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேற்குச் சரிவுக்கு நடந்தது.

அழுங்கு வெளியே வந்து வரவேற்றது. “மேல் வளை காலியாகத்தான் இருக்கிறது, அம்மா. குட்டிகளைப் படுக்க வை.”

மருதி தயங்கியது. “இந்தச் செடிகளுக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும், ஐயா?”

“ஒரு சொட்டும் வேண்டாம்! மழைக்காலத்தில் நட்டேன். வேர் பிடிக்கும்வரை ஒரு கோடை மட்டும் நானே ஊற்றினேன். எல்லாம் இந்த மண்ணிலேயே பிறந்த செடிகள். இனி அவற்றின் பாடு, வானத்தின் பாடு.”

“நான் எதுவுமே செய்ய வேண்டாமா?”

“நீ குடியிருக்க வந்தாயா, கூலி வேலைக்கு வந்தாயா? வழியில் என் இரையான கறையானின் புற்று கண்ணில் பட்டால் எனக்கு ஒரு குரல் கொடு. அதுதான் வாடகை.”

“உங்களைப் போல் ஒருவரை நான் பார்த்ததே இல்லை!” என்றது மருதி.

அழுங்குக்குப் புகழ்ச்சி என்றாலே கூச்சம். சட்டென்று பந்தாகச் சுருண்டுகொண்டது. “போதும், போதும்!” என்று செதில்களுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. சிரித்து எத்தனை நாளாயிற்று!

அங்கே இருக்க இருக்க மருதிக்கு ஒவ்வொன்றாக விளங்கிற்று. கூழாங்கற்களுக்கு அடியில் மண் காயவில்லை. சருகு வெயிலைத் தடுத்தது. ஒவ்வொரு செடிக்கும் மேட்டுப் பக்கமாக அழுங்கு பிறை வடிவில் குழி தோண்டியிருந்தது. ஆவாரம்பூவுக்கு வண்டுகள் வந்தன. அவற்றைப் பிடித்தே குட்டிகள் வேட்டை பழகின. ‘பாழ்நிலம் என்றேனே!’ என்று மருதி வெட்கப்பட்டது.

ஒரு பிற்பகல் வானம் இருண்டு மழை கொட்டியது. மருதி வாசலில் நின்று பார்த்தது. சரிவில் சீறி வந்த தண்ணீர் பிறைக் குழிகளில் விழுந்தது, சுழன்றது, அடங்கியது. பிறகு மெல்ல மண்ணுக்குள் இறங்கிற்று. வளைக்குள் ஒரு துளிகூட வரவில்லை. மருதி கண்கொட்டாமல் அந்த அதிசயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போது சேறும் சகதியுமாக நரி ஓடி வந்தது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அதன் புல் எப்போதோ கருகிவிட்டது. பிடித்து நிறுத்த வேரில்லாத மண்ணை மழை வழித்துக்கொண்டு போனது. வளைகள் எல்லாம் சரிந்துவிட்டன.

“அழுங்காரே, ஒதுங்க ஓர் இடம் கிடைக்குமா?” என்று நரி பல் கிடுகிடுக்கக் கேட்டது.

“கீழ் வளை காலிதான், உள்ளே போ” என்றது அழுங்கு. “மழை விடட்டும். ஆவாரை விதை தருகிறேன். உன் சரிவில் முதலில் அதைத் தூவு.”

நரி அழுங்கின் முன் வாலைத் தாழ்த்தி நின்றது. “இத்தனை காலம் உங்கள் முற்றத்தைப் பார்த்துக் கேலி செய்தேனே! நீங்கள்...” என்று தொடங்குவதற்குள் அழுங்கு மறுபடி சுருண்டுவிட்டது!

மண்ணுக்கு இசைந்ததை வைத்து, குடிவந்தவரின் பாரத்தையும் குறைப்பவர் வீட்டில் செடியும் தழைக்கும், குடியும் நிலைக்கும்.