நானூற்று முப்பதில் நின்ற முள்

“இறங்கவே மாட்டேங்கு டீச்சர்” என்றான் தொம்மை.

எஸ்கலின் நிமிரவில்லை. திறந்து கிடந்த ஒரு மைக்செட்டுக்குள் ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எது?”

“வோல்ட்டேஜ்தான். சர்க்யூட் படத்துல முந்நூத்தம்பதுன்னு போட்டிருக்கு. மீட்டர்ல நானூத்து முப்பது.”

தொம்மைக்கு நாற்பத்தெட்டு வயது. தூத்துக்குடியில் ஓர் உப்புக் கிட்டங்கிக்கு ராக்காவல். விடிந்ததும் வேலை முடிந்து நேரே அவளுடைய ரிப்பேர் கடைக்கு வந்திருந்தான். அவள் அவனைவிடப் பதினாறு வயது இளையவள். ஈயம் வைக்கச் சொல்லிக் கொடுத்தவள். முதலில் கேலியாகத்தான் டீச்சர் என்றான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

மேசையில் அவன் வீட்டிலேயே கட்டிய கிட்டார் ஆம்ப்ளிஃபயர். மேலே வால்வு செருகும் மூன்று குழிகளும் காலி.

“என்னென்ன செஞ்சீய?”

“டிரான்ஸ்ஃபார்மரை மாத்துனேன். மறுபடியும் மாத்துனேன். டயோடு மாத்துனேன். போன வாரம் நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டேன், இந்தா, விரல் தண்டி. ஒரு வோல்ட் இறங்கணுமே! எட்டு மாசம் ஆச்சு. இனி மந்திரிக்கத்தான் போகணும்.”

“மந்திரிச்சா இன்னும் பத்து ஏறும்” என்றாள். “வால்வு எங்கண்ணே?”

பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்தான். உள்ளே துண்டு. துண்டுக்குள் மூன்று கண்ணாடி வால்வுகள், பழைய ரேடியோக்களில் எரியுமே அந்த மாதிரி.

அவன் தம்பி தஸ்நேவிஸ் இருபது வருடம் திருவிழா மேடைகளில் கிட்டார் வாசித்தது இவற்றில்தான். அவன் இறந்து இரண்டு வருடம். அவனுடைய பழைய ஆம்ப்ளிஃபயரை உப்புக்காற்று தின்றுவிட்டது. மிஞ்சியது இந்த மூன்று. எரிந்தால் ஊரில் வேறு கிடையாது.

“இதைச் செருகிப் பாத்தீயளா?”

“நானூத்து முப்பதுலயா? எரிஞ்சு போயிராது?”

“ஒரு தடவகூட இல்லையா?”

“வோல்ட்டேஜ் இறங்கட்டும்னு இருக்கேன்.”

அவள் அவனைப் பார்த்தாள். டிபன் பாக்ஸைப் பார்த்தாள்.

சுவிட்சை அணைத்தாள். மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். மெதுவாகத்தான் வந்தது. பிறகு அந்த விரல் தண்டி ரெசிஸ்டரை நறுக்கி எடுத்து, அந்த இடத்தில் வெறும் கம்பியை வைத்தாள்.

“ஐயோ, அதை எடுத்தா ஏறிருமே!”

போட்டாள். நானூற்று முப்பது.

தொம்மை குனிந்து பார்த்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தான்.

“இருந்தாலும் அதே. எடுத்தாலும் அதே. அப்ப இத்தனை நாளு அது எதைத்தான் தடுத்துச்சு?”

“வால்வே இல்லாம என்ன கரண்ட் ஓடுச்சு, அது தடுக்கதுக்கு?”

மறுபடி அணைத்தாள். மறுபடி முள்ளுக்காகக் காத்திருந்தாள். ஸ்பீக்கர் ஒயரை மாட்டினாள். டிபன் பாக்ஸை அவன் பக்கம் தள்ளினாள்.

“செருகுங்க.”

“டீச்சர்...”

“என் கை படாது.”

முதல் வால்வு குழியைத் தேடித் தேடி இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது.

“சுவிட்ச்?”

“அதுவும் நீங்கதான்.”

போட்டான். முள் துள்ளிக்கொண்டு போய் நின்றது.

நானூற்று முப்பது.

அவன் கை சுவிட்சுக்குப் பாய்ந்தது. அவள் உள்ளங்கை அதற்கு முன்பே அங்கே இருந்தது.

“எரியப் போகுது டீச்சர்! அவனுது!”

“சூடாகட்டும்.”

“கையை எடுங்க!”

“சூடாகட்டும்ணே.”

வெளியே ஒரு மீன் வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. வால்வுக் கண்ணாடிக்குள் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. பிறகு மற்றொன்று.

முள் நடுங்கியது. நானூற்றிருபது. நானூறு. படியில் இருட்டில் கால் வைத்துப் பார்த்து இறங்குகிறவனைப் போல ஒவ்வொன்றாக இறங்கி, முந்நூற்றைம்பத்தைந்தில் வந்து நின்றது.

ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய ரீங்காரம்.

தொம்மை வால்வின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனான். சுட்டது. எடுக்கவில்லை.

“கிட்டார் எங்கண்ணே?”

“கொண்டு வரலை.”

“அவரோடது இருக்குல்லா?”

“அவன் ரூம்ல. பூட்டிக் கிடக்கு.”

“ரெண்டு வருஷமாவா?”

“மனசு கொஞ்சம் ஆறட்டும்னு...”

பாதியில் நிறுத்திக்கொண்டான்.

இடுப்பில் சாவிக்கொத்தைத் தடவினான். கிட்டங்கிச் சாவிகளுக்கு நடுவே அந்தச் சின்னச் சாவி இருந்தது. எப்போதும் இருந்ததுதான்.

எஸ்கலின் ஈயக் கம்பியை எடுத்துக்கொண்டு தன் மைக்செட்டுக்குள் குனிந்தாள்.

“நான் அணைக்கலை. போயிட்டு வாங்க.”