நண்டு பார்க்காத கட்டு

அந்தக் காலத்தில் நண்டு பேசும். அது பேசுவது மனிதனுக்கு விளங்கும், மனிதன் பேசுவது அதற்கும் விளங்கும். கடலோரக் குப்பங்களில் ஒவ்வொரு கட்டுமரத்துக்கும் ஒரு நண்டு இருந்தது. மரத்தை இழுத்துப் போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அது வளை தோண்டிக்கொள்ளும்.

அப்போதெல்லாம் கட்டுமரத்தை ஒருமுறை கட்டினால் கட்டியதுதான். நான்கு மரங்களைச் சேர்த்து முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. கயிறு அறுகிற வரைக்கும் யாரும் அதை அவிழ்ப்பதில்லை. வெளியே பார்த்தால் கயிறு நன்றாகத்தான் தெரியும். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே, ஈரம் காயாத இடத்தில்தான் அது இற்றுப்போகும். அந்த இடுக்குக்குள் மனிதன் கை போகாது. நண்டு போகும்.

அதனால் கடலுக்குப் போகிற ஒவ்வொரு காலையிலும் நண்டு வேலைக்கு வந்துவிடும். முதலில் மரத்தின் மேல் ஏறிச் சாமான்களைக் கேட்கும். துடுப்பு இரண்டும் இருக்கிறதா? தண்ணீர்க் குடத்தின் வாயைக் கட்டியாயிற்றா? வலை எந்தப் பக்கம், மீன் போடுகிற பறி எந்தப் பக்கம்? நங்கூரக் கல்லின் கயிறு சிக்கில்லாமல் சுருட்டியிருக்கிறதா? ஒன்று இடம் மாறி இருந்தாலும் எடுத்து வைக்கச் சொல்லும். எல்லாம் சரியானதும் இடுக்குக்குள் இறங்கி, முன்கட்டை ஒவ்வொரு சுற்றாகத் தடவிப் பார்க்கும். பிறகு பின்கட்டு. வெளியே வந்து "போகலாம்" என்று அது சொன்ன பிறகுதான் மரம் தண்ணீரில் இறங்கும்.

அப்படி ஒரு குப்பத்தில் சடையான் என்று ஒருவன் இருந்தான். நல்ல உழைப்பாளி. பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு. அவன் மனைவி பூரணி. அவளுடைய தம்பி கலியன்தான் சடையானோடு கட்டுமரத்தில் ஏறிக் கடலுக்குப் போகிறவன். தாய் தகப்பன் இல்லாமல் போனபோது கலியனுக்கு மூன்று வயது. அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோதும் அவனைக் கையோடு கூட்டி வந்தாள். இப்போது அவனுக்கே பெண் பார்த்து வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் பங்குனியில் இருபது நாளாகக் கடலில் மீன்பாடு இல்லை. போகிறவர்கள் நனைந்த வலையோடு திரும்பி வந்தார்கள். வீட்டுக்கு வீடு கஞ்சி நீர்த்துக்கொண்டே போயிற்று. அப்படியிருக்கும்போது ஒரு விடிகாலையில் ஆலாப் பறவைகள் கூட்டமாகக் கடலில் விழுந்து விழுந்து எழுந்தன. சாளைமீன் வந்துவிட்டது. கரை முழுக்க ஆட்கள் ஓடினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக மரங்கள் இறங்கின.

சடையான் வலையைத் தைத்து முடித்து வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவன் மரத்து நண்டு கிழநண்டு. மற்றவற்றைவிட மெதுவாகத்தான் பார்க்கும்.

"முன்கட்டு சரி. பின்கட்டுக்கு இறங்குகிறேன்" என்றது.

"நேற்றுத்தானே பார்த்தாய்?" என்றான் சடையான்.

"நேற்றுப் பார்த்தேன். இரண்டு சுற்று கொஞ்சம் மெத்தென்று இருந்தது. இன்றைக்கு எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும்."

கடைசி மரமும் அலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சடையான் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, அது பார்த்து முடிக்கட்டுமே. வெற்றிலை போடுகிற நேரம்தானே" என்றான் கலியன்.

"நீ வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அங்கே ஒரு மீன் மிச்சம் இருக்காது. தள்ளு."

கலியன் தயங்கினான். ஆனால் மாமன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. இருவரும் தோள் கொடுத்துத் தள்ள, மரம் தண்ணீரில் இறங்கியது. பின்கட்டின் பக்கம் பாதி நுழைந்திருந்த நண்டை அலை அடித்து வெளியே போட்டது. அது ஈர மணலில் புரண்டு எழுந்து, "சடையா, பின்கட்டு பார்க்கவில்லை" என்று கத்தியது. அலைச் சத்தத்திலும் அது சடையான் காதில் விழுந்தது. அவன் திரும்பவில்லை.

கடலில் அன்றைக்கு அள்ள அள்ள மீன். பறி நிறைந்து, வலையோடு சுருட்டி மரத்தின் மேலேயே கட்டினார்கள். கலியன் சிரித்துக்கொண்டே துடுப்புப் போட்டான். அக்காவுக்கு இன்றைக்கு உலை வைக்கப் பெரிய சட்டி வேண்டும் என்றான். உச்சிவெயிலில் கரை தெரிந்தது. வீட்டுப் பெண்கள் கூடையோடு நிற்பதுகூடத் தெரிந்தது.

கரையோரத்தில் அலை மடங்குகிற இடத்துக்கு வந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. ஈர விறகு ஒடிகிற மாதிரி இருந்தது. பின்பக்கம் மரங்கள் விரிந்தன. அங்கே உட்கார்ந்திருந்த கலியனின் கால்கள் இரண்டும் நடுவில் இறங்கிவிட்டன. அடுத்த அலை விரிந்த மரங்களை மறுபடி சேர்த்து அடித்தது.

கலியன் கத்தவில்லை. "மாமா" என்று மட்டும் சொன்னான், பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரி. சடையான் தாவி அவன் தலைமயிரைப் பிடித்தான். கைக்குக் கிடைத்தது. அதற்கும் அடுத்த அலை வந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

சடையானை ஒற்றை மரத்தோடு கடல் கரையில் கொண்டுவந்து போட்டது. கலியனை மறுநாள் காலையில் கொண்டுவந்து போட்டது. பூரணி தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒட்டிய மணலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

ஊர் நாட்டார் வந்து சடையான் பக்கத்தில் உட்கார்ந்தார். குப்பத்து நியாயம் எல்லாம் அவர் முன்னால்தான்.

"கட்டு அறுந்து போயிருக்கிறது. நண்டு பார்த்ததா, சடையா?"

சடையான் தலை நிமிர்ந்தான். பூரணி துடைப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு உண்மையைச் சொல்ல அவனால் முடியவில்லை.

"பார்த்தது. போகலாம் என்றது" என்றான்.

அடக்கம் முடிந்து கரைக்கு வந்த பூரணி நேரே நண்டு வளைக்குப் போனாள். கையில் உலக்கை இருந்தது. ஊரே பின்னால் வந்தது. அவள் கூப்பிட்டதும் கிழநண்டு எப்போதும் போல வெளியே வந்து நின்றது. அவளிடம் அதற்குப் பயம் இருந்ததில்லை.

"பின்கட்டைப் பார்த்தாயா?" என்று கேட்டாள்.

"பார்க்கவில்லை, பூரணி. உன் தம்பி நிற்கச் சொன்னான். உன் புருஷன் நிற்கவில்லை."

பூரணி திரும்பிச் சடையானைப் பார்த்தாள். ஊரும் பார்த்தது. அந்த ஒரு கணத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"அது பொய் சொல்கிறது" என்றான்.

உலக்கை இறங்கியது.

பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆளுக்கொரு துடுப்போ கல்லோ எடுத்துக்கொண்டு கரையில் கண்ட நண்டையெல்லாம் அடித்தார்கள். தத்தம் மரத்து நண்டைக்கூட விடவில்லை. அவை ஓடவும் இல்லை, ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே செத்தன. தப்பியவை வளைக்குள் போய் மண்ணை இழுத்து மூடிக்கொண்டன. பொழுது சாய்வதற்குள் கரையில் நண்டின் குரலே இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு சாமான்களைக் கேட்க ஆளில்லை, இடுக்குக்குள் இறங்கவும் ஆளில்லை. ஒருவன் நடுக்கடலில் குடத்தைத் தேடினான், அது கரையிலேயே இருந்தது. இன்னொருவன் நங்கூரக் கயிற்றின் சிக்கில் கால் மாட்டித் தண்ணீருக்குள் போனான். அந்த ஒரு மாதத்தில் இரண்டு மரங்கள் கட்டு அறுந்து பிரிந்தன. ஐந்து பேர் திரும்பவில்லை. நண்டுகள் பழி வாங்குகின்றன என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சடையான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான்.

ஆனால் அவனால் கட்டிய மரத்தில் ஏற முடியவில்லை. புது மரம் வாங்கிக் கட்டினான், ஏறினான், இறங்கிவிட்டான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாயங்காலம் மணலில் உட்கார்ந்து முன்கட்டையும் பின்கட்டையும் முழுக்க அவிழ்த்தான். மரங்களைத் தனித்தனியாகப் புரட்டிப் போட்டான். கயிற்றை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரைக்கும் விரல்களுக்கு நடுவே ஓடவிட்டான்.

கஞ்சிக் கலயத்தோடு வந்த பூரணி அதைப் பார்த்து நின்றாள்.

"நல்ல கட்டை ஏன் அவிழ்க்கிறீர்கள்?"

"உள்ளே எப்படி இருக்கிறதென்று பார்க்க."

"அன்றைக்கு நண்டு பார்த்துத்தானே சரி என்றது. பார்த்தும் அறுந்ததை, நீங்கள் பார்த்து என்ன ஆகப்போகிறது?"

கயிறு அவன் விரல்களுக்கு நடுவே நின்றுவிட்டது. பூரணி அவனுக்கு எதிரே வந்து மணலில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அவன் கைகளையே பார்த்தாள்.

"அது பொய் சொல்லவில்லை, அப்படித்தானே?" என்றாள்.

"சொல்லவில்லை."

அவள் அழவில்லை. தன் உள்ளங்கைகளை விரித்து வைத்து, அவை யாருடையவோ என்பது போலப் பார்த்தாள். பிறகு, "என்னிடம் சொன்னது போதாது. ஊரிடம் சொல்லுங்கள்" என்று எழுந்து போனாள். கலயம் மணலிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் மரங்கள் இறங்குமுன் சடையான் எல்லோர் நடுவிலும் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னான். கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி, "அப்படியானால் எங்கள் மரத்து நண்டை நாங்கள் எதற்கு அடித்தோம்?" என்று கேட்டாள்.

ஊரார் ஒவ்வொரு வளையாகப் போய்க் குனிந்து கூப்பிட்டார்கள். தெரியாமல் செய்துவிட்டோம் என்றார்கள். ஒன்றும் வெளியே வரவில்லை. தொலைவில் ஒன்றிரண்டு நண்டுகள் தெரிந்தன. ஆள் நடந்த அதிர்விலேயே அவை மறைந்தன.

சடையானை ஊர் தள்ளி வைக்கவில்லை. ஆனால் அவனோடு மரமேற யாரும் முன்வரவில்லை. பூரணி அவனுக்குச் சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. அவன் தனியாகவே கடலுக்குப் போய்வந்தான். சாயங்காலம் தனியாகவே கட்டை அவிழ்த்தான். முதலில் பக்கத்து மரத்துக்காரன் அதைப் பார்த்துச் செய்தான், அப்புறம் அடுத்தவன், அப்புறம் குப்பம் முழுவதும்.

அன்று முதல்தான் கரைக்கு வந்த கட்டுமரத்தைக் கட்டவிழ்த்துத் தனித்தனியாகக் காயப்போடுவதும், மறுநாள் கயிறு முழுவதையும் கையால் தடவிப் பார்த்துச் சாமான்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி ஏற்றுவதும் வழக்கமாயிற்று. அன்று முதல்தான் நண்டும் மணலில் மனிதக் காலடி விழுந்தாலே கண்களைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் வளைக்குள் ஓடிவிடுகிறது.