எலும்பை விட்ட கரடி, தேனை விட்ட நாய்

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு கரடி நாய் வளர்த்தது. கரடி நாய் வளர்க்குமா என்று கேட்காதீர்கள். வளர்த்தது, அவ்வளவுதான்.

கரடியின் பெயர் சடையன். நாயின் பெயர் கருவாயன். கருவாயன் முன்பு ஊரில் ஒரு வீட்டில் இருந்தவன். வீட்டுக்காரர்கள் வேறு ஊருக்குக் குடிபோனபோது சாமான் எல்லாவற்றையும் ஏற்றினார்கள், இவனை மட்டும் மறந்துவிட்டார்கள். அழுதுகொண்டு காட்டுக்குள் வந்தவனைச் சடையன் தன் குகையில் சேர்த்துக்கொண்டான். அன்றிலிருந்து இருவரும் பிரிந்ததே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பிரிந்ததே இல்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

சடையனுக்குத் தேன் என்றால் உயிர். கருவாயனுக்கு எலும்பு என்றால் உயிர். செந்நாய்கள் தின்றுவிட்டுப் போட்ட எலும்பு காட்டில் நிறையக் கிடந்தது. தேனடைக்கும் பஞ்சமில்லை. ஆகவே இருவரும் உருண்டு திரண்டு இருந்தார்கள்.

இருக்கட்டுமே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? கேளுங்கள்.

அந்தக் காட்டில் ஒரே ஒரு சுனைதான். பங்குனி முடிவதற்குள் அது வற்றிவிடும். அதற்கு முன் எல்லா விலங்குகளும் ஆற்றங்கரைக்குப் போய்விட வேண்டும். வழியில் ஒரு பெரிய பள்ளம். பள்ளத்தின் குறுக்கே எப்போதோ விழுந்த ஒரு மருதமரம் கிடந்தது. அதுதான் பாலம். சுற்றுவழி ஒன்றும் உண்டு, ஆனால் ஏழு குன்று ஏறி இறங்க வேண்டும். மழைக்காலத்திலாவது அங்கங்கே ஓடையில் தண்ணீர் இருக்கும். கோடையில் அந்த வழியில் போனால் நாக்கு வறண்டே சாக வேண்டியதுதான்.

கருவாயனுக்குப் பள்ளத்தைப் பார்த்தாலே கால் நடுங்கும். அதனால் ஒவ்வொரு வருடமும் சடையன் அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு மரத்தின் மேல் நடப்பான். போன வருடம் பாதி வழியில் மரம் "மளுக்" என்றது. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முள்ளி என்கிற முள்ளம்பன்றி போட்டுக்கொண்டாள்.

தை மாதத்தில் ஒருநாள் முள்ளி குகைக்கு வந்தாள். அவள் பேச்சும் அவள் முள்ளைப் போலத்தான், வளையாது.

"சடையா, போன வருஷத்தை விட நீ ரெண்டு சுற்று பெருத்திருக்கே. உன் நாயும் அப்படித்தான். இந்த வருஷம் நீங்க ஏறினா மரம் தாங்காது."

"தாங்கும், தாங்கும்."

"தாங்கலைன்னா?"

சடையன் யோசித்தான். தாங்காவிட்டால் அவன் பள்ளத்தில் கிடப்பான். முதுகில் இருப்பவனும் கிடப்பான். கருவாயனைத் திரும்பிப் பார்த்தான். கருவாயன் ஒரு தொடை எலும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

"சரி முள்ளியக்கா. இன்னைக்கே விரதம் எடுக்கறோம். நீதான் சாட்சி."

கருவாயனை எழுப்பினார்கள். இருவரும் சுனையில் குளித்துவிட்டு வந்தார்கள். சடையன் நெஞ்சில் கைவைத்து, கணீரென்று சொன்னான்:

"இன்னையிலிருந்து நான் எலும்பைத் தொடமாட்டேன்!"

கருவாயன் முன்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு சொன்னான்:

"இன்னையிலிருந்து நான் தேனைத் தொடமாட்டேன்!"

சிரிக்காதீர்கள். அவர்கள் சிரிக்கவில்லை. சடையன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எவ்வளவு பெரிய தியாகம்டா தம்பி," என்று கருவாயனைக் கட்டிக்கொண்டான். முள்ளி தலையில் அடித்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

"தேகப்பயிற்சியும் வேணும் அண்ணே," என்றான் கருவாயன். "நான் இருந்த ஊர்ல ஒரு பெரியவர் தினமும் காலையில தன் நாயைக் கயிற்றுல கட்டிக் கூட்டிட்டு நடப்பார். ஏன் சார் நடக்கறீங்கன்னு கேட்டா, 'நாய்க்காக நடக்கறேன்'னு சொல்வார். அந்த நாயை நான் ஒருநாள் கேட்டேன். 'அவருக்காக நடக்கறேன், என்ன செய்யறது'ன்னு அது சொல்லிச்சு."

"ரெண்டு பேருக்கும் உடம்பு இளைச்சுதா?"

"அது தெரியல அண்ணே. ஆனா ரெண்டு பேருக்கும் நல்ல பேர்."

சடையனுக்கு அது பிடித்துப்போயிற்று. நல்ல கொடியாகப் பார்த்துத் திரித்து, ஒரு முனையைக் கருவாயன் கழுத்தில் கட்டினான். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டான். தினமும் சுனையைப் பத்துச் சுற்று சுற்றுவது என்று முடிவாயிற்று.

முதல் நாள் ஒன்றரைச் சுற்று ஆனதும் சடையன் நின்றான். "ஐயோ, கருவாயன் நாக்கைத் தொங்கப் போட்டுட்டானே. பாவம், உட்காருவோம்." நாய் எப்போது நாக்கைத் தொங்கப் போடாமல் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் அரைச் சுற்றிலேயே கருவாயன் உட்கார்ந்தான். "அண்ணனுக்குப் புஸ்புஸ்ஸுனு மூச்சு வாங்குது. எனக்கு மனசு கேக்கல."

மூன்றாம் நாள் இருவரும் கயிற்றைக் கட்டிக்கொண்டு சுனைக்கரைக்கு வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து, "பாவம்" என்று ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டார்கள்.

விரதத்தில் மட்டும் துளி பிசகில்லை. காலையில் ஓர் அடை, மாலையில் ஓர் அடை என்று தேன் குடித்துக்கொண்டே, வழியில் எலும்பைக் கண்டால் சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். எலும்பைக் கடித்துக்கொண்டே, தேனடையைக் கண்டால் கருவாயன் கண்ணை மூடிக்கொள்வான். "எப்படி அண்ணே உங்களால முடியுது?" என்று கேட்பான். "மனசு வெச்சா முடியும்டா," என்பான் சடையன்.

ஒரு மாதம் போயிற்று. மாசி பாதியில், தங்கள் பெருமையைக் காட்ட முள்ளியை மருதமரத்துக்கு அழைத்துப் போனார்கள். கருவாயன் முதுகில் ஏறிக்கொண்டான். சடையன் மரத்தில் ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி வைத்தான்.

"மளுக்."

போன வருடம் பாதி வழியில் கேட்ட சத்தம் இப்போது இரண்டாவது அடியிலேயே கேட்டது. சடையன் அப்படியே பின்னால் நடந்து கரைக்கு வந்து உட்கார்ந்தான். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஒரு நாள் கூட எலும்பைத் தொடலையே முள்ளியக்கா! உன் மேல ஆணை!"

"நானும் ஒரு சொட்டுத் தேன் குடிக்கல," என்று கருவாயன் தேம்பினான். "நாங்க செத்துப் போயிடுவோமா?"

"இப்படியே இருந்தா சந்தேகமே இல்ல," என்றாள் முள்ளி. அவள் முள்ளைக் குலுக்கிக்கொண்டாள். "உங்க விரதத்துல ஒரு குறையும் இல்லப்பா. நல்ல விரதம்தான். ஆள்தான் மாறிப்போச்சு."

"என்னது?"

"மாத்திக்குங்க. உன் விரதத்தை அவனுக்குக் குடு. அவன் விரதத்தை நீ எடுத்துக்கோ."

சடையனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கொக்குகள் பறந்தன. "தேனையா? என்னையா? மனசாட்சி இருக்கா உனக்கு?"

"எலும்பு இல்லாம நான் எப்படி..." என்று கருவாயன் சொல்ல வந்தவன், பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"இன்னொண்ணு," என்றாள் முள்ளி. "நடக்கறப்போ யார் வேணும்னாலும் உட்காரலாம், தடையில்ல. ஆனா அடுத்தவன் பேரைச் சொல்லி உட்காரக் கூடாது. 'எனக்கு முடியல, நான் உட்கார்றேன்'னு சத்தமா சொல்லிட்டு உட்காருங்க."

மறுநாளிலிருந்து காட்டில் சிரிப்புக்கே இடமில்லாமல் போயிற்று. தேன் இல்லாததால் சடையன் கரையான் புற்றைத் தோண்டித் தின்ன வேண்டியிருந்தது. ஒரு வாய் கரையானுக்கு ஒரு முழம் தோண்ட வேண்டும். எலும்பு இல்லாததால் கருவாயன் எலி பிடிக்க வேண்டியிருந்தது. எலி இவனுக்காக நின்றுகொண்டா இருக்கும்? ஓட ஓட விரட்டினான். சாயங்காலம் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருநாள் சடையன் காரணமே இல்லாமல் ஒரு பாறையை அறைந்தான். அவன் கைதான் வலித்தது.

நடையும் நடந்தது. இரண்டாவது சுற்றில் சடையன் நின்று, "கருவாயன்..." என்று தொடங்குவான். கரையில் முள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "எனக்கு முடியல" என்று சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்னும். பேசாமல் நடப்பான். கருவாயனுக்கும் அதே வெட்கம். அப்படியே மூன்று சுற்று ஆயிற்று, ஐந்து ஆயிற்று. பங்குனி நடுவில் ஒருநாள் பத்து ஆயிற்று. யாரும் கைதட்டவில்லை.

சுனை சேறாகிவிட்டது. மான்களும் குரங்குகளும் போய்விட்டன. புறப்படும் நாள் வந்தது.

முள்ளி முதலில் மரத்தைக் கடந்து அக்கரையில் நின்றாள். கருவாயன் வழக்கம் போல முதுகில் ஏறினான். நடைக்கயிறு அவன் கழுத்திலேயே இருந்தது, மறுமுனை சடையன் கையில். ஓர் அடி. இரண்டு அடி. சத்தம் இல்லை. பத்தடி. சத்தம் இல்லை. சடையன் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. சரியாகப் பாதி வழியில்,

"மளுக்."

சடையன் நின்றான். "டேய் தம்பி. நேத்து ஏதாவது சாப்பிட்டியா?"

முதுகில் இருந்த கருவாயன் வாலைச் சுருட்டிக்கொண்டான்.

"கேக்கறேன்ல?"

"ஒரு மூட்டு எலும்பு அண்ணே. சின்னதுதான். நீங்க?"

"ஓர் அடை."

"முழுசாவா?"

"அடையில என்னடா அரை, முழுசு!"

"மளுக், மளுக்" என்றது மரம்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம், வாங்கடா!" என்று அக்கரையிலிருந்து முள்ளி கத்தினாள்.

சடையன் அசையவில்லை. இருவர் பாரத்தோடு அடுத்த அடி வைத்தால் மரம் போய்விடும் என்று அவனுக்குத் தெரிந்தது. கருவாயனுக்கும் தெரிந்தது. கீழே பாறைகள் வெயிலில் பளபளத்தன.

"அண்ணே," என்றான் கருவாயன், "எனக்குப் பயமா இருக்கு." பிறகு, "நான் இறங்கி நடக்கறேன்," என்றான்.

மெல்லச் சடையனின் தலை வழியாக மரத்தில் இறங்கினான். நான்கு காலும் வெடவெடவென்று நடுங்கின. எலியை விரட்டி விரட்டி உரமேறிய கால்கள் அவை, நடுங்கினாலும் வழுக்கவில்லை. கீழே பார்க்காமல் நடந்தான். கயிற்றின் நீளம் முழுவதும் முன்னால் போய் அக்கரையில் கால் வைத்தான். அப்போதுதான் சடையன் நகர்ந்தான், கயிறு தொய்யாதபடி கருவாயனும் முன்னால் நடந்துகொண்டே இருந்தான். கரைக்கு நான்கடி, மூன்றடி, இரண்டடி இருக்கும்போது மரம் நடுவில் முறிந்தது.

சடையன் பாய்ந்தான். முன்கால் நகங்கள் கரையில் பதிந்தன, பின்கால்கள் அந்தரத்தில் தொங்கின. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கயிறு விண்ணென்று இழுபட்டது. கருவாயன் காலை ஊன்றி, கழுத்து இறுக, கண் பிதுங்க இழுத்தான். ஒரு மாதத்துக்கு முந்தைய சடையனாக இருந்தால் நாயும் சேர்ந்தே கீழே போயிருக்கும். இந்தச் சடையன் ஒரு மூச்சுப் பிடித்துத் தன் உடம்பைத் தானே தூக்கி மேலே போட்டான்.

கொஞ்ச நேரம் இருவரும் மல்லாந்து கிடந்தார்கள். சடையன் கருவாயனின் கழுத்தைத் தடவிக் கொடுத்தான். அழுதான். கருவாயன் அவன் முகத்தை நக்கினான், அப்படியே முகம் சுளித்தான். "இன்னும் தேன் இருக்கு அண்ணே, மூக்குல."

முள்ளி பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். "பாலம் போச்சு. மழை வந்ததும் காட்டுக்குத் திரும்பணும்னா ஏழு குன்றும் ஏறி இறங்கணும்."

"மழைக்கு இன்னும் நாள் இருக்கே," என்றான் சடையன். "நடையை நாலு நாள் கழிச்சு ஆரம்பிக்கலாம். கருவாயன் பாவம், களைச்சுப்..."

கருவாயன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் களைப்பா இருக்கு," என்றான் சடையன்.

"எனக்கும்தான் அண்ணே," என்றான் கருவாயன். கயிற்றின் முனையை வாயில் கவ்வி எடுத்துவந்து சடையன் கையில் வைத்தான். இருவரும் எழுந்து ஆற்றங்கரையோரமாக நடக்கத் தொடங்கினார்கள்.

நீதி: பிடித்ததை விடுவதே விரதம், பிடிக்காததை விடுவது வெறும் பேச்சு.