பூங்காவனம் காப்பாற்றிய ஆள்

சுகாதாரத் துறைக்குப் பெரிய அதிகாரியாக வந்தவர், வந்த மாதமே எல்லாப் பிரிவுகளையும் கூட்டி விசாரித்தார். பிரசவப் பிரிவு ஒரு கைக்குழந்தையைக் காட்டியது. காசநோய்ப் பிரிவு குணமான ஒருவரைக் கூட்டிவந்தது. குடிநீர்த் தொட்டிகளுக்குப் பிளீச்சிங் பவுடர் போடும் பூங்காவனம் மட்டும் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"நீ காப்பாத்தின ஒரே ஒரு ஆளைக் காட்டு. இல்லேன்னா உன் பிரிவையே மூடிடுவேன்" என்று உறுமினார் அதிகாரி.

"ஒரு வாரம் டைம் குடுங்க சார், காட்டிடறேன்."

"எப்படி?"

"உங்க பங்களாத் தொட்டிக்கு மட்டும் பவுடர் போடாம விட்டுடறேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நீங்களே வருவீங்க. இதுவரைக்கும் நான் காப்பாத்தின ஆள் இவர்தான்னு எல்லாருக்கும் காட்டிடறேன்."

கூட்டமே சிரித்தது. டம்ளரை வாயருகே கொண்டுபோன அதிகாரி அப்படியே நிறுத்தினார்.

"இந்தத் தண்ணிக்குப் போட்டாச்சா?"

"போட்டாச்சு. பிரிவு இருக்கிறவரைக்கும் தைரியமா குடிங்க சார்."